முடிந்தது என்று சொல்லத் தயங்கியவர்

அலுவலகத்தில் எல்லோரும் அவரை நிதானம் என்றுதான் சொல்வார்கள். நேரில் பேசும்போது மட்டும் அதோடு ஒரு சார் சேர்ந்துகொள்ளும். இந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்தவர் முதலாளியா, வாசலில் உட்காரும் காவலரா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. பெயர் பொருத்தமானது என்பதில் மட்டும் யாருக்கும் மறுபேச்சில்லை.

அதற்காக அவரை மந்தமானவர் என்று நினைத்துவிடக் கூடாது. வேலையை எல்லோரையும் போல, சொல்லப்போனால் பலரைவிட வேகமாகவே, செய்துவிடுவார். செய்துவிட்டேன் என்று சொல்வதில்தான் சிக்கல். முடித்த வேலையை இன்னொரு முறை போய்ப் பார்த்து, அது முடிந்துதான் கிடக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகே வாயைத் திறப்பார். அதுவரை கேட்டவருக்கு ஒரு 'உம்' கூடக் கிடையாது. அரைகுறையாக ஒன்றைச் சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல் என்பது அவர் கட்சி.

பள்ளிக்கூடத்திலேயே இது தொடங்கிவிட்டது. பரீட்சைத் தாளில் பெயர் எழுதுவதை அவர் கடைசிக்கு வைத்துக்கொள்வார். பெயர் போட்டுவிட்டால் முடித்துவிட்டதாக அர்த்தம். சரிபார்க்காமல் எப்படிப் போடுவது? அவர் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துத் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வாத்தியார் திருத்த உட்கார்ந்தால் விடைத்தாள் கட்டுக்குள் பெயரில்லாத தாள் ஒன்று இருக்கும். அதை எடுத்து, அவரே இவருடைய பெயரை எழுதிக்கொள்வார்.

கல்யாணக் கதையும் இதே ரகம்தான். கணினி வகுப்பில் கூடப் படித்த பெண், ஒரு மாலை பேருந்து நிறுத்தத்தில் வைத்து நேராகவே கேட்டுவிட்டாள்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்க உங்களுக்கு இஷ்டமா, இல்லையா?"

நிதானத்துக்கு இஷ்டம்தான். கேட்ட நொடியிலேயே இஷ்டம். ஆனால் அந்த இஷ்டம் உண்மையானதுதானா என்று பார்க்க வேண்டாமா? பேசாமல் பேருந்தில் ஏறிப் போய்விட்டார். இரண்டு வாரம் தன் மனத்தைத் தானே குறுக்கு விசாரணை செய்தார். காலையில் எழுந்ததும் இஷ்டமா, பசிக்கும்போதும் இஷ்டமா, ஜலதோஷத்தில் மூக்கடைத்துக் கிடக்கும்போதும் இஷ்டமா என்றெல்லாம் பார்த்துச் சந்தேகமறத் தெரிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்ததும், "சரி" என்றார்.

கூடத்தில் அவளை வேறொரு பையனுக்குப் பேசி முடிக்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாருங்க இவரு? எதுக்கு சரிங்கறாரு?" என்று அந்தப் பையனின் தகப்பனார் கேட்டார்.

உள்ளேயிருந்து அவளே வெளியே வந்தாள். "அது எனக்கு வர வேண்டிய பதிலுங்க. கொஞ்சம் லேட்டா வந்திருக்கு" என்றாள்.

வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் இந்தக் கதையை அவள் சொல்லாமல் விடமாட்டாள். "ரெண்டு வாரமா ஆளையே காணோம். இருக்காரா போயிட்டாரான்னே தெரியலை. அதான் எங்க வீட்டுல அடுத்த ஆளைப் பார்த்துட்டாங்க" என்பாள். நிதானம் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். அதில் தனக்கொரு சேதி இருக்கிறது என்று அப்போதெல்லாம் அவருக்குத் தோன்றியதில்லை.

குடும்பம் நடத்துவதிலும் அந்தக் குணம் கூடவே வந்தது. வெளியே கிளம்பும்போது, "என்னங்க, கேஸை அணைச்சீங்களா?" என்று மனைவி கேட்பாள். அவர் அணைத்திருப்பார். அணைத்தது நினைவிலும் இருக்கும். இருந்தாலும் பதில் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்கு நடப்பார். பதில் வராததால் அவள் மகளை அனுப்புவாள். மகள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். அவளும் பேசாமல் போய்விடுவாள். கடைசியில் இவளே போவாள். மூன்று பேரும் அடுப்புக்கு முன்னால் சந்தித்துக்கொள்வார்கள். குடும்பம் முழுதாக ஒரே இடத்தில் கூடுவது பெரும்பாலும் அங்கேதான்.

அவர் வேலை பார்த்தது, சின்னக் கடைகளுக்காகவும் டாக்டர்களுக்காகவும் வாடிக்கையாளர்களின் கைபேசிக்குச் செய்தி அனுப்பித் தரும் ஒரு கம்பெனியில். 'உங்கள் மூக்குக்கண்ணாடி தயார்', 'நாளை காலை பல் பிடுங்கும் நேரம், மறவாமல் வரவும்', 'நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தரவும்' என்கிற ரகம். டாக்டர் பொத்தானை அழுத்தியதும் கணினி அவரிடம் ஆகட்டும் என்று சொல்லி அவரை அனுப்பிவிடும். செய்தி அந்தக் கணமே போய்விடாது. திரைக்குப் பின்னால் ஒரு வரிசையில் போய் நிற்கும். வரிசையின் முனையில் சில கணினி நிரல்கள் வேலையாட்களைப் போலக் காத்திருந்து, ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். அந்த வரிசையையும் வேலையாட்களையும் கம்பெனி தொடங்கிய காலத்தில் எழுதியவர் நிதானம்.

வேலையாட்களுக்கு அவர் உறவுமுறைப் பெயர்களை வைத்திருந்தார். பெரிய மருத்துவமனைகளின் கனத்த வேலைகளை அசைந்து அசைந்து இழுப்பவர் பெரியப்பா. கடைகளின் செய்திகளைப் படபடவென்று அனுப்புவது அத்தை. மாப்பிள்ளை என்று ஒருவர் உண்டு. அடிக்கடி கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், யாராவது போய் எழுப்பி உபசரித்தால்தான் மறுபடி வேலைக்கு வருவார். இத்தனை பேருக்கும் வளர்த்தவருடைய குணம் ஒன்று பொதுவாக இருந்தது. செய்தியை அனுப்பியதும் முடிந்தது என்று சொல்லமாட்டார்கள். போய்ச் சேர்ந்ததா என்று தொலைபேசி நிறுவனத்தைக் கேட்டு, ஆமாம் என்று பதில் வந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை கேட்டு, அதன் பிறகே முடிந்தது என்பார்கள். அப்போதுதான் அந்த வேலை வரிசையைவிட்டு நீங்கும். பழைய வரிசையும் நிதானத்தின் கைவண்ணம் அல்லவா? அவர்கள் எப்போது வாயைத் திறந்தாலும் சரியென்று காத்துக் கிடக்கும்.

இதில் ஒரே ஒரு தொல்லை. வேலையாட்களில் ஒருவர் முரண்டு பிடித்தாலும் பின்னால் நிற்கும் அத்தனையும் அப்படியே நின்றுவிடும். எழுப்பிவிட நிதானம் ஒருவரால்தான் முடியும். அதனால் கைபேசி அவரைவிட்டு இறங்கியதில்லை. மைத்துனி கல்யாணத்துப் புகைப்படங்களில் அவர் எல்லாவற்றிலும் இருக்கிறார்; மண்டபத்து மூலையில் மடிக்கணினிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு. கடல் பார்க்க இரண்டு தடவை கிளம்பினார்கள். முதல் தடவை பாதி வழியில் ரயிலைவிட்டு இறங்கித் திரும்பினார்கள். அடுத்த தடவை அறைச் சாவியை வாங்கிய கையோடு மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். அலைச் சத்தம் கேட்டது, கடல் தெரியவில்லை. அப்படியே திரும்பி வந்தார்கள்.

மூன்றாவது தடவைக்கு மனைவியே டிக்கெட் எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்கால ரயில். ஒரு வாரம். பொண்ணு தம்பிகிட்ட இருப்பா. நீங்க வந்தா ரெண்டு பேரு, வராட்டி நான் மட்டும். போட்டோ எடுக்கும்போது பக்கத்துல ஒரு காலி நாற்காலியைப் போட்டுக்கறேன். பார்க்கறவங்களுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியப்போறதில்லை."

அவள் கத்திச் சொல்லவில்லை. துணியை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். நிதானம் டிக்கெட்டை எடுத்துத் தேதியை இரண்டு முறை பார்த்தார்.

நல்லவேளையாக, அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் பழைய வரிசையைத் தூக்கிவிட்டுப் புது வரிசையைக் கொண்டுவருவது என்று முடிவாகியிருந்தது. அதை நடத்த வந்தவள் ஓர் இளம் பொறியாளர். வேலையும் பேச்சும் ஒரே வேகத்தில் போகும் என்பதால் அவளுக்கு மின்னல் என்று பெயர் விழுந்திருந்தது. புது வரிசை வெளியில் வாங்கியது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஒரு வேலையாள் படுத்துவிட்டால் அவர் கையிலிருந்த வேலையைப் பிடுங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடும். யாரையும் நள்ளிரவில் எழுப்பாது, நடுப்பயணத்தில் இறக்காது.

முதலாளி நிதானத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள புதுசு ஒழுங்கா ஓடுதுன்னா, நீங்க கடலைப் பார்க்கப் போங்க. போனைக்கூட விட்டுட்டுப் போங்க. ஓடலைன்னா பழசுக்குத் திரும்பணும். பழசு ஓடணும்னா நீங்க இங்கதான் இருக்கணும். நான் சொல்ல வேண்டியதில்லை."

நிதானம் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். வரிசை மாறலாம், வேலையாட்கள் மாறக் கூடாது. அவர்களை அப்படியே, குணம் கெடாமல் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

"குணம் இருக்கட்டும் சார், பேரு வேண்டாம்" என்றாள் மின்னல். "அங்கே தேவைப்பட்டா ஒரே வேலைக்கு இருபது ஆள் போடலாம். இருபது பெரியப்பாவுக்கு நான் எங்கே போறது?"

"ஒண்ணுவிட்ட பெரியப்பாங்க இருப்பாங்களேம்மா."

"நம்பர் போட்டுக்கறேன் சார். பெரியப்பாங்களை நீங்க வீட்டுல வச்சுக்கங்க."

பிறகு அவள் கேட்டாள். "உங்க ஆளுங்க ஒரு வேலையை எடுத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதைப் பார்த்துத்தான் புது வரிசைக்குப் பொறுமை எவ்வளவுன்னு வைக்கணும். அதுக்குள்ள முடிஞ்சுதுன்னு சொல்லலைன்னா, ஆள் செத்துட்டாருன்னு முடிவு பண்ணி அடுத்த ஆள்கிட்ட குடுத்துடும்."

நிதானம் உடனே பதில் சொல்லவில்லை. திங்கள் பார்த்தார், செவ்வாய் பார்த்தார், புதனும் பார்த்தார். புதன் மாலை, "அரை நிமிஷம்" என்றார். மின்னல் தாராளமாக ஒரு நிமிஷம் வைத்தாள். திங்கட்கிழமை நடந்திருக்க வேண்டிய மாற்றம் இவர் தயார் என்று சொல்லாததால் தள்ளித் தள்ளிப் போய், வெள்ளிக்கிழமை காலையில் வந்து நின்றது.

அன்று காலை அவர் படியிறங்கும்போது மனைவி மேலேயிருந்து குரல் கொடுத்தாள். "சாயங்காலத்துக்கு டாக்ஸி சொல்லிடுங்க. மறந்துடாதீங்க!"

நிதானம் மறக்கவில்லை. தெரு திரும்புவதற்குள் கைபேசியில் டாக்ஸிக்குச் சொல்லிவிட்டார். உறுதியானதும் தகவல் வரும் என்று பதில் வந்தது. உறுதியாகாத டாக்ஸியைப் பற்றி மனைவியிடம் என்ன சொல்வது? கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார்.

பத்து மணிக்குப் பெரியப்பாவும் அத்தையும் மாப்பிள்ளையும் பழைய வரிசையை விட்டுப் புது வரிசைக்குக் குடிபோனார்கள். முதல் ஒரு மணி நேரம் தேனாக ஓடியது. முதலாளி அறையிலிருந்து வெளியே வந்து எல்லோருக்கும் காபி சொன்னார். காபி வருவதற்குள் தொலைபேசி மணி அடித்தது.

பல் டாக்டர்தான். "என்னங்க அனுப்பறீங்க? நாளைக்கு வர வேண்டிய பெரியவர் பயந்துபோய் இன்னைக்கே வந்து உட்கார்ந்திருக்கார். எட்டு செய்தி வந்துச்சாம். எட்டுப் பல்லையும் பிடுங்கப்போறீங்களான்னு கேக்கறார். அவர் வாயில மொத்தமே அஞ்சுதான் இருக்கு!"

வைத்தவுடன் அடுத்த மணி. நூலகர். "ஒருத்தர் வீட்டுல இருந்த புத்தகத்தையெல்லாம் மூட்டையா கொண்டாந்து கொட்டிட்டார். போதுமா, இனிமே செய்தி வராதான்னு கேட்டார். பேசிட்டு இருக்கும்போதே இன்னொண்ணு வந்துச்சு. மனுஷன் அழுதுட்டார். அதுல எங்க புத்தகம் ஒண்ணே ஒண்ணுதான். மிச்சத்துல ஒரு டெலிபோன் டைரக்டரியும் இருக்கு, அதை நான் என்ன பண்றது?"

மின்னல் திரையைப் பார்த்தாள். வரிசை குறைவதற்குப் பதில் நீண்டுகொண்டே போனது. "ஆள் பத்தலை சார்" என்று சொல்லி வேலையாட்களை இரண்டு மடங்காக்கினாள். செய்திகளும் இரண்டு மடங்காயின. நாலு மடங்காக்கினாள். கண்ணாடிக்கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

நிதானம் கணினி குறித்து வைத்திருந்த பதிவுகளை வரி வரியாகப் பார்த்தார். எந்த வேலையாளும் சோம்பியிருக்கவில்லை. ஒவ்வொருவரும் ஒழுங்காக அனுப்பி, ஒழுங்காக விசாரித்து, ஒழுங்காக முடிந்தது என்று சொல்லியிருந்தார்கள். தப்புச் செய்தவர் ஒருவரும் இல்லை. தப்பு மட்டும் நடந்துகொண்டிருந்தது.

"டெலிபோன் கம்பெனிக்காரங்கதான் ஒண்ணை ஒன்பதாக்கறாங்க" என்று மின்னல் முடிவுகட்டி, அவர்களோடு சண்டைக்குப் போனாள். அவர்கள், இன்று கூட்டம் அதிகம், பதில் சொல்லத்தான் தாமதமாகிறது, மற்றபடி நீங்கள் அனுப்புவதைத்தான் நாங்கள் கொண்டு சேர்க்கிறோம் என்றார்கள். அதை அவள் நம்பவில்லை. சண்டை வளர்ந்தது.

இந்த நேரத்தில் முதலாளிக்குப் பொறுப்புணர்ச்சி பொங்கிவிட்டது. யாரையும் கேட்காமல் தன் அறையில் உட்கார்ந்து, 'ஒரே செய்தி பலமுறை வந்ததற்கு வருந்துகிறோம்' என்று ஒரு செய்தியைத் தட்டி எல்லோருக்கும் அனுப்பிவிட்டு வெளியே வந்தார்.

"ஒரு மன்னிப்பு அனுப்பிட்டேன். இனி ஜனங்க சமாதானமாயிடுவாங்க."

நிதானமும் மின்னலும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

"எதுலங்க சார் அனுப்பினீங்க?"

"எதுலன்னா? நம்ம வரிசையிலதான்."

மன்னிப்பு ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. பல் டாக்டர் மறுபடி அழைத்தார். "மன்னிச்சுட்டோம்னு நாங்க எத்தனை தடவைங்க சொல்றது?"

அந்தக் களேபரத்துக்கு நடுவே நிதானத்தின் கைபேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, டாக்ஸிக்குச் சொல்லிட்டீங்களா?"

சொல்லியாகிவிட்டது. ஆனால் உறுதியான தகவல் வந்ததா என்று பார்க்கவில்லை. பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார். "ஹலோ? ஹலோ? இருக்கீங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தபோதே முதலாளி, "எல்லாத்தையும் நிறுத்துங்க!" என்று கத்தினார். நிதானம் கைபேசியை வைத்துவிட்டு ஓடினார்.

புது வரிசையை நிறுத்தினார்கள். செய்திகள் நின்றன, புதிதாக வந்தவை பின்னால் குவியத் தொடங்கின. முதலாளி நாற்காலியில் சாய்ந்தார்.

"நிதானம் சார், சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். அப்புறம் பழசுதான். என்னை மன்னிச்சுடுங்க" என்றார். பிறகு, "ஒரு தடவைதான் சொல்றேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பிற்பகல் முழுவதும் தேடியும் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் நிதானம் எழுந்தார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். வரமுடியாது என்பதைத் தொலைபேசியில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. காலி நாற்காலி ஒன்று கடற்கரை மணலில் நிற்பதுபோல வழியெல்லாம் கண்ணில் தெரிந்தது.

வீட்டு வாசலில் மூன்று டாக்ஸிகள் நின்றன.

முதல் ஓட்டுநர் பெட்டியின் ஒரு கைப்பிடியையும் இரண்டாவது ஓட்டுநர் இன்னொரு கைப்பிடியையும் பிடித்திருந்தார்கள். மூன்றாமவர் பெட்டி எதுவும் கிடைக்காததால் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மனைவியின் தம்பி நடுவில் நின்று சமரசம் பேசிக்கொண்டிருந்தான். மகள் படியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்திருந்தாள்.

"வாங்க அத்தான்! இதுல உங்க டாக்ஸி எது?" என்றான் மச்சான்.

"முதல்ல நிக்கறது" என்றார் நிதானம், எண்ணை இரண்டு முறை பார்த்துவிட்டு. "மத்ததெல்லாம் யாரோடது?"

"ரெண்டாவது என்னுது. அக்கா சொல்லுச்சு."

"மூணாவது என்னுதுப்பா. அம்மா சொன்னாங்க" என்றாள் மகள்.

நிதானம் மனைவியைப் பார்த்தார். "காலையிலேயே நான் சொல்லிட்டேனே. அப்புறம் எதுக்கு இவங்ககிட்ட எல்லாம் சொன்னே?"

அவ்வளவுதான், அணை உடைந்தது.

"சொல்லிட்டீங்க சரி. சொல்லிட்டேன்னு எங்கிட்ட யாரு சொல்றது? போன் பண்ணினா பேச்சு மூச்சில்லை. உயிரோட இருக்காரா, இல்லை மறுபடியும் அந்த மாப்பிள்ளையைத் தூக்கிட்டு உட்கார்ந்துட்டாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? ரயிலு காத்திருக்குமா? அதான் தம்பிகிட்ட சொன்னேன். அவனும் உங்களாட்டமே பதில் சொல்லலை. சரி, இவனும் போயிட்டான்னு மகள்கிட்ட சொன்னேன். மூணு பேரும் உத்தமமா வேலையை முடிச்சிருக்கீங்க! வேலை முடியலைன்னா பரவாயில்லைங்க. 'பார்த்துட்டு இருக்கேன்'னு நடுவுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் அடுத்த ஆளைத் தேடப்போறேன்?"

நிதானம் மூன்று டாக்ஸிகளையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பார்த்த பார்வையில் அவளுக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

"என்னங்க, என்ன பண்ணுது?"

நிதானம் கைபேசியை எடுத்து மின்னலைக் கூப்பிட்டார்.

"அம்மா, டெலிபோன் கம்பெனியோட சண்டையை நிறுத்து. தப்பு நம்ம ஆளுங்க மேலதான். இல்லை, என் மேலதான். இன்னைக்கு அவங்க பதில் சொல்ல லேட்டாகுது, இல்லையா? நம்ம ஆளுங்க செய்தியை அனுப்பிட்டு அந்தப் பதிலுக்காக வாயை மூடிட்டு நிக்கறாங்க. ஒரு நிமிஷம் தாண்டிடுது. புது வரிசை, இவரு செத்துட்டாருன்னு நினைச்சு அடுத்த ஆள்கிட்ட குடுத்துடுது. அவரும் அனுப்பிட்டு வாயை மூடிட்டு நிக்கறாரு. அப்படியே போகுது."

"ஐயோ சார்! நான் ஆளைச் சேர்க்கச் சேர்க்க..." என்றாள் மின்னல்.

"வாசல்ல டாக்ஸி சேர்ந்த மாதிரிதான்."

"என்ன டாக்ஸி சார்?"

"அது கிடக்கட்டும். நடு நடுவுல, 'இன்னும் பார்த்துட்டு இருக்கேன்'னு அவங்க வரிசைகிட்ட சொல்ல வழி இருக்கா?"

"இருக்கு சார்! அதுக்குன்னே வசதி இருக்கு. உங்க ஆளுங்க அரை நிமிஷத்துல முடிச்சுடுவாங்கன்னு சொன்னீங்களேன்னு நான் அதைத் தொடவே இல்லை. சின்ன வேலைதான். இருங்க."

"ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததையெல்லாம் முதல்ல வரிசையிலேருந்து அடிச்சுடு. அப்புறமா வரிசையைத் திற. முதலாளியோட மன்னிப்பையும் மறக்காம அடிச்சுடு."

வாசலில் எல்லோரும் காத்திருந்தார்கள். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனால் தாராளமாக இல்லை. ஓட்டுநர்கள் மூவரும் சண்டையை மறந்து, இந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தாழ்ந்த குரலில் விசாரித்துக்கொண்டார்கள். மச்சான், "வரிசைக்கு" என்றான். அவர்கள் அனுதாபத்தோடு தலையசைத்தார்கள்.

கைபேசி அடித்தது. முதலாளி.

"திறந்துட்டோம், ஓடுது. சரியாயிடுச்சா, இல்லையா? நீங்க சொன்னாத்தான் நான் நம்புவேன்."

நிதானம் கைபேசியிலேயே பதிவுகளைத் திறந்து பார்த்தார். ஒரு செய்தி போனது. வேலையாள் பதிலுக்குக் காத்திருந்தார். வாயைத் திறந்து, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று வரிசையிடம் சொன்னார். வரிசை அடுத்த ஆளைத் தேடவில்லை. அடுத்த செய்தி. அதுவும் ஒரே தடவை. போதாது, இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

"ஹலோ? ஹலோ? நிதானம் சார், இருக்கீங்களா?"

மனைவி அவரை உற்றுப் பார்த்தாள்.

"இருக்கேன் சார்" என்றார் நிதானம் அவசரமாக. "பார்த்துட்டு இருக்கேன்."

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை முதலாளி கேட்டதே இல்லை. "அப்படியா? சரி சரி, பாருங்க, பாருங்க" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

இப்போது மனைவியின் முறை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் டாக்ஸியின் கதவைத் திறந்து பிடித்தபடி கேட்டாள். "வர்றீங்களா, இல்லையா?"

பல வருஷங்களுக்கு முன் பேருந்து நிறுத்தத்தில் கேட்ட அதே தொனிதான். நிதானம் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இன்னும் ஒரு மணி நேரம் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

"வந்துட்டு இருக்கேன்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். "வந்துட்டு இருக்கேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "கேஸ் அணைஞ்சிருக்கு. வந்துட்டு இருக்கேன்" என்று கூடத்திலிருந்து வந்தது. கதவைப் பூட்டி இழுத்துப் பார்க்கும் சத்தத்தோடு இன்னொரு தடவை வந்தது.

"அடேயப்பா, சும்மா நொய்நொய்னு சொல்லிட்டே இருக்காதீங்க! ஏறுங்க" என்றாள் மனைவி. ஆனால் அடுப்பைப் பார்க்க அன்று வேறு யாரும் உள்ளே போகவில்லை.

வந்த டாக்ஸிகளை வெறுமனே அனுப்புவது நியாயமில்லை என்று முடிவாயிற்று. முன்னால் கணவனும் மனைவியும், அதன் பின்னால் பெட்டியோடு மச்சான், கடைசியில் தண்ணீர் பாட்டிலோடு மகள் என்று மூன்றும் வரிசையாக ரயில் நிலையத்துக்குப் போய் நின்றன. சுமை தூக்குபவர் ஒருவர் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஓடிவந்து, நிதானம் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நடைமேடையில் நிதானம் தன் கைபேசியை மச்சானிடம் ஒப்படைத்தார். கொடுத்த கை உடனே விலகவில்லை. "விடுங்க அத்தான், நான் ஒண்ணும் கடிச்சுத் திங்கமாட்டேன்" என்று அவன் இழுத்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

ரயில் நகர்ந்து வெகுநேரம் ஆகவில்லை, மனைவியின் கைபேசி ஒலித்தது. 'உங்கள் மூக்குக்கண்ணாடி தயார்' என்று செய்தி. போன வாரம் செய்யக் கொடுத்தது. அவள் படித்துவிட்டு அதை இருக்கையில் வைத்தாள். நிதானம் சன்னலைப் பார்க்கவில்லை, எதிரில் இருந்தவரைப் பார்க்கவில்லை. அந்தக் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் தாண்டியது. ஆற்றுப் பாலம் தாண்டியது. இரண்டாவது செய்தி வரவில்லை. விளக்கை அணைக்கும் நேரத்துக்கு அவள் அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொண்டு, "போதும், அதுக்கும் தூக்கம் வரும்" என்றாள்.

மறுநாள் காலை, மூன்றாவது முயற்சியில், கடல் கடைசியாகக் கண்ணில் பட்டது. இரண்டு நாற்காலிகளை வாடகைக்கு எடுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அவள் காலை நீட்டிக்கொண்டாள். அலை வந்தது, போனது, மறுபடி வந்தது.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள்.

நிதானம் கடலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார். பிறகு அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரை பார்த்தார். பேச்சில்லை. அவள் முகத்தைத் திருப்பத் தொடங்கியதைக் கவனித்துவிட்டார்.

"இன்னும் பார்த்துட்டு இருக்கேன்" என்றார்.

"நல்லாப் பாருங்க. ஒரு வாரம் இருக்கு" என்றாள் அவள்.